மண்வாழ் கிருமியும் மலாயாத் தோட்டங்களும்

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலையும் கங்காணியையும் எழுதினர். லயத்தையும் கூலியையும் எழுதினர். நோயைப் பற்றிப் பேச நேர்ந்தபோது பெரும்பாலும் மலேரியாவோடு நிறுத்திக்கொண்டனர். காடழித்துத் தோட்டம் அமைத்த நாள்களில் எண்ணற்ற உயிர்களைக் கொண்டு சென்றது மலேரியாவே ஆதலின் அது பொருத்தமே. எனினும், தோட்டத்து மண்ணிலேயே தங்கியிருந்து, மழைநாளில் வெறுங்காலோடு நடந்தவனின் பித்தவெடிப்பின் வழியே உடலுள் புகுந்து, இன்ன நோய் என்று அறியப்படாமலேயே உயிர் குடித்த மற்றொரு பிணியும் உண்டு. அந்நோய்க்குப் பெயர் தந்த இருவரும் கோலாலம்பூரில் பணியாற்றியவர்கள். அதன் கிருமியை உலகுக்கு முதன்முதல் அறிவித்த இருவருள் ஒருவர் கிருஷ்ணசாமி என்னும் தென்னிந்தியப் பெயர் தாங்கிய மருத்துவர். மலாயாவில் மனிதரிடமிருந்து அக்கிருமி முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டதோ ஓர் இரப்பர்த் தோட்டத் தமிழ்த் தொழிலாளியின் உடலிலிருந்து. இத்தனை தொடர்பு இருந்தும் தமிழ் நூல்களில் இந்நோயின் பெயர் அரிதாகவே தென்படுகிறது. மெலியோய்டோசிஸ் என்பது அப்பெயர்.

வரலாறு இரங்கூனில் தொடங்குகிறது. 1911ஆம் ஆண்டில் இரங்கூன் பொது மருத்துவமனையில் நோய்க்கூற்றியல் மருத்துவராய் இருந்தவர் ஆல்பிரட் விட்மோர். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த இவர், மாண்டோரின் உடல்களை அறுத்து ஆராயும் பொறுப்பையும் வகித்தார். அவ்வாறு ஆராய்கையில் சில உடல்களில் நுரையீரல் கட்டிபட்டுப் பாலாடைக் கட்டிபோல் வெளுத்திருப்பதையும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் மலிந்திருப்பதையும் கண்டார். அவ்வுடல்களில் பல, ஊசிவழியே மார்பியா ஏற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு அடிமையாகித் தெருவோரங்களில் வாழ்ந்த ஏழைகளுடையவை. சீழிலிருந்து வளர்த்தெடுத்த கிருமி, குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்னும் நோயின் கிருமியை ஒத்திருந்தது. ஆயினும் அது வேறு. குதிரைநோய்க் கிருமி நகராது, இது நகர்ந்தது. அது மெல்ல வளரும். இது விரைந்து வளர்ந்தது. 1912ஆம் ஆண்டில் விட்மோரும் துணை மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இணைந்து, இதுவரை எவரும் எடுத்துரைக்காத புதிய தொற்றுநோய் இது என்று 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் அறிவித்தனர். அடுத்த ஆண்டு விட்மோர் தனியே விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நோயை 'விட்மோர் நோய்' என்றே நெடுங்காலம் மருத்துவ உலகம் வழங்கியது. கட்டுரையின் தலைப்பில் இரு பெயர்கள் இருக்க, நோயின் பெயரில் ஒன்றே நின்றது. அக்காலத்து அரசுப் பணியில் துணை மருத்துவர் என்னும் தரமும் அதற்குரிய இந்தியப் பெயரும் எவ்வளவு எளிதில் உதிரக்கூடியவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

கிருமிக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'போலி மல்லேய்' என்பதாகும். மல்லேய் என்பது குதிரைநோய்க் கிருமி. பிற்காலத்து ஆய்வு இப்பெயரைத் தலைகீழாக்கிவிட்டது. மரபணுக்களை ஒப்பிட்டு நோக்கியபோது, போலி எனப்பட்டதே மூதாதை என்பதும், குதிரைநோய்க் கிருமி அதிலிருந்து பல மரபணுக்களை இழந்து பிரிந்த வழித்தோன்றல் என்பதும் தெளிவாயின. விலங்கின் உடலுக்குள்ளேயே வாழப் பழகிய பின்னர், மண்ணில் வாழ்வதற்கு வேண்டிய கருவிகள் அதற்கு வேண்டாதன ஆயின போலும்.

இனிக் கோலாலம்பூரை நோக்குவோம். அங்கே 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்நாளில் ஆசியாவின் சிறந்த ஆய்வகங்களுள் ஒன்றாய் விளங்கிற்று. அதன் முதற்பெரும் புகழ் பெரிபெரி நோயைப் பற்றியது. அதில் நெகிரி செம்பிலானுக்கும் தமிழருக்கும் பங்குண்டு என்பதால் அதனை இங்கே சற்றே குறிப்பிடுதல் தகும். சிரம்பானில் அரசு மருத்துவராய் இருந்த பிராடன் என்பார், தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிவதையும், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்கள் அதே நாட்டில் அந்நோயின்றி இருப்பதையும் கவனித்தார். பின்னர் ஃபிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவர், ஜெலுபு வட்டாரத்துத் துரியான் தீப்பஸ் என்னுமிடத்தில் சாலை போடும் சாவகத் தொழிலாளர்களை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு வெள்ளரிசியும் மறு கூறுக்குப் புழுங்கல் அரிசியும் தந்து சோதித்து, குற்றம் அரிசி தீட்டலிலேயே உள்ளது என 1909ஆம் ஆண்டில் நிலைநாட்டினர். நம் பாட்டிமார் நெல்லை அவித்துக் காயவைத்ததன் பொருளை உலக மருத்துவம் கற்றது இம்மாநிலத்து மண்ணிலேதான்.

அந்த ஸ்டான்டனும், ஃபிளெட்சர் என்னும் மற்றொருவருமே நம் நோயின் வரலாற்றிலும் வருகின்றனர். 1913ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கழகத்தில் வளர்க்கப்பட்ட கினிப்பன்றிகள் திடீரெனக் கூட்டமாய் மாண்டன. காரணமான கிருமி விட்மோர் கண்டதே எனப் பின்னர் தெளிந்தது. 1917ஆம் ஆண்டில் அதே கிருமி இரப்பர்த் தோட்டத் தமிழ்த் தொழிலாளி ஒருவரிடம் காணப்பட்டது. 1921ஆம் ஆண்டில் பத்தாவியாவில் கூடிய கீழைநாட்டு வெப்பமண்டல மருத்துவ மாநாட்டில் இருவரும் இந்நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்னும் பெயரை முன்வைத்தனர். கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கிய பெயர் அது. 1932ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட நூல், இந்நோயைப் பற்றிய முதல் முழுநூலாகும். அதுவரை அறியப்பட்ட நோயாளருள் உயிர் தப்பியோர் மிகச் சிலரே.

இந்நூலில் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் நோயின் ஊற்று எலிகளே எனக் கருதினர். ஆய்வகத்து விலங்குகளிடம் நோய் பரவியதைக் கண்ணால் கண்டவர்கள் அவ்வாறு எண்ணியது இயல்பே. உண்மையான ஊற்று மண்ணும் நீருமே என்பது பின்னர் இந்தோசீனத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்களால் வெளிப்பட்டது. மலேசியாவில் இதனை விரிவாய் ஆராய்ந்து 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட குழுவில் ஸ்டிராஸ், குரோவ்ஸ், எல்லிசன் ஆகியோருடன் மாரியப்பன் என்னும் தமிழரின் பெயரும் உள்ளது. அடர்ந்த காட்டு மண்ணில் கிருமி அருகியே காணப்பட்டது. நீர் தேங்கும் நெல்வயல்களிலும், காடு திருத்திப் புதிதாய்ப் பயிரிட்ட நிலங்களிலும் அது மலிந்திருந்தது. காட்டை வெட்டிய கைகளே கிருமிக்கு இடம் சமைத்தன எனலாம். அக்கைகளிற் பல தமிழருடையவை.

சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்த லாபு வட்டாரம் இதற்கு விலக்கன்று. அங்கும் காடு தோட்டமாயிற்று. இரப்பர் நின்ற இடத்தில் பின்னர் செம்பனை நின்றது. இருளோடு எழுந்து பெரட்டுக்கு நின்று, ஈரமண்ணில் மரத்துக்கு மரம் நடந்த தலைமுறையினரின் கால்கள் இந்த மண்ணோடு நாள்தோறும் உறவாடின. தோட்டத்து டிரெசர் காய்ச்சல் என்றால் கொய்னா தருவார். அது மலேரியாவாயின் தணியும். விட்மோர் கிருமியாயின் தணியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகம் தோட்ட மருத்துவமனைகளில் இல்லை. ஆதலின் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதி மூடப்பட்ட ஏடுகளுள் எத்தனை இந்நோய்க்கு உரியவை என்று எவராலும் எண்ணிச் சொல்லுதல் இயலாது.

இந்நோய் உடனே கொல்வதும் உண்டு; ஆண்டுக்கணக்கில் உறங்குவதும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் சப்பானியரிடம் சிறைப்பட்டுத் தென்கிழக்காசியாவில் துன்புற்ற ஓர் அமெரிக்கருக்கு, 62 ஆண்டுகள் கழித்து இந்நோய் தோலில் வெளிப்பட்டதாய் 2005ஆம் ஆண்டில் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அந்த அமெரிக்கருக்கேனும் ஒரு மருத்துவப் பதிவு வாய்த்தது. சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

இங்கே ஒரு வினா எழுகிறது. சேற்றில் கிடந்து, செடியின் வேரருகே உண்டு வாழும் ஓர் எளிய உயிர், மனித உடலுள் புகுந்ததும் தான் வேறிடத்துக்கு வந்துவிட்டதை எவ்வாறு அறிகிறது? மண்ணில் வேண்டாத படைக்கலங்களை அங்கே மட்டும் எடுப்பது எங்ஙனம்? கடந்த அரை நூற்றாண்டில் உயிரியல் கண்ட மிகச் சுவையான விடைகளுள் ஒன்று இவ்வினாவைச் சார்ந்தது.

மரபணு என்பது கட்டளை எழுதிய ஏடு. எல்லா ஏடுகளும் எந்நேரமும் வாசிக்கப்படுவதில்லை. பாரிசு நகரத்துப் பாஸ்டர் கழகத்தைச் சேர்ந்த ஜேக்கப், மோனோ ஆகிய இருவரும் 1961ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். 1965ஆம் ஆண்டில் லுவோஃப் என்பாருடன் நோபல் பரிசும் பெற்றனர். குடலில் வாழும் ஈ. கோலை கிருமிக்குக் குளுக்கோசு, பாற்சர்க்கரை ஆகிய இரண்டையும் ஒருங்கே தந்தால், அது குளுக்கோசையே முதலில் உண்ணும். அது தீர்ந்தபின் சிறிது நேரம் வளராமல் நின்று, பிறகே பாற்சர்க்கரையைத் தொடும். காரணம் யாதெனின், பாற்சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களுக்கு இரு காவல்கள் உண்டு. பாற்சர்க்கரை இல்லாதபோது ஒரு தடைப்புரதம் அம்மரபணுக்களின் வாயிலில் அமர்ந்து மறிக்கும். குளுக்கோசு குறையும்போது மற்றொரு புரதம் வந்து தூண்டும். தடை விலக வேண்டும்; தூண்டலும் வேண்டும். இரண்டும் கூடினாலன்றி வேலை முழுமையாய் நடைபெறாது. தோட்டத்தாருக்கு இதனை விளக்குதல் எளிது. பெரட்டு மணி அடித்தால் மட்டும் பால்மரம் வெட்டிவிட முடியாது. மரம் நனைந்திருக்கவும் கூடாது. மணி ஒரு கட்டுப்பாடு. மழை மற்றொரு கட்டுப்பாடு.

இவ்வாறான கட்டுப்பாட்டு வழிகள் ஒரு கிருமியுள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவை தனித்தனியே ஓடுவன அல்ல; ஒன்றையொன்று தாங்கியும் தடுத்தும் செல்வன. எது மேல், எது கீழ் என்பதை ஆய்வாளர்கள் கண்டறியும் முறையையும் தோட்டத்தைக் கொண்டே காட்டலாம். கிராணி, மண்டோர் இருவருள் எவர் எவருக்குக் கட்டளையிடுகிறார் என்றறியாத ஒருவர் தோட்டத்துக்கு வருகிறார் என்போம். கிராணி வராத நாளில் வேலை நின்றது; மண்டோர் வராத நாளிலும் நின்றது. இதிலிருந்து ஒன்றும் விளங்காது. கிராணி இல்லாத நாளில் மண்டோரைத் தாமே நேரே மலைக்கு அனுப்பிப் பார்க்கிறார், வேலை நடக்கிறது. மண்டோர் இல்லாத நாளில் கிராணியை எவ்வளவு ஏவியும் வேலை நடக்கவில்லை. ஆகவே கிராணி மேலே, மண்டோர் கீழே. இதே போலக் கிருமியில் ஒரு மரபணுவை நீக்கியும், மற்றொன்றைச் செயற்கையாய் இயக்கியும், இரண்டையும் ஒருங்கே மாற்றியும், அவற்றுக்கிடையே உள்ள உறவை வரைந்துவிடுகின்றனர். இதற்கு நுண்ணோக்கியைவிடப் பொறுமையே மிகுதியாய் வேண்டும்.

விட்மோர் கிருமிக்கு இம்முறையைச் செலுத்துவது எளிதாய் இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டில் தாய்லாந்து நோயாளி ஒருவரிடமிருந்து பெற்ற கிருமியின் மரபுக் குறியீடு முழுமையாய்ப் படித்து வெளியிடப்பட்டது. காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகள். இதற்கோ 72 இலட்சத்துக்கும் மேல். அவை இரு நிறமூர்த்தங்களில் பங்கிடப்பட்டுள்ளன. பெரியதில் அன்றாட வாழ்வுக்கு வேண்டியனவும், சிறியதில் புதுச் சூழலுக்கு இணங்கி வாழ வேண்டியனவும் மிகுதி. மண்ணிலும் நீரிலும் உடலிலும் வாழ வல்ல உயிருக்குப் பெரிய ஏட்டுச்சுவடி தேவைப்படுதல் இயல்பே.

அச்சுவடியில் இரு படைக்கலங்கள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று ஊசி போன்ற புரதக் குழல். மூன்றாம் வகைச் சுரப்பு முறை என்பர். நம் உயிரணு கிருமியை விழுங்கி ஒரு பையுள் அடைக்கும்போது, அப்பையைக் கிழித்து வெளிவர இது துணைபுரிகிறது. மற்றொன்று ஈட்டிபோல் பாயும் ஆறாம் வகைச் சுரப்பு முறை. இதனைக் கொண்டு கிருமி அண்டை உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைத்து, வெளியே வராமலேயே, குருதியில் உலவும் எதிர்ப்பொருள்களின் கண்ணிற் படாமலேயே பரவுகிறது.

இவ்விரண்டும் வெவ்வேறு மரபணுத் தொகுதிகள். ஆயினும் ஒன்றை ஆளும் வழி மற்றொன்றையும் ஆள்கிறது என்பதைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டு முதல் அடுத்தடுத்து வெளியிட்டனர். பெயர்கள் நம் நாவுக்கு உகந்தனவல்ல. எனினும் சொல்லியே ஆதல் வேண்டும். பிபிஆர்-பி என்னும் புரதம் பிஎஸ்ஏ-என் என்னும் புரதத்தை எழுப்புகிறது. அது ஊசிவழியே செலுத்தப்படும் நச்சுப் புரதங்களை இயக்குவதோடு நில்லாமல், பிபிஆர்-சி என்பதையும் எழுப்புகிறது. அந்தப் பிபிஆர்-சி ஈட்டியை இயக்குகிறது. ஈட்டிக்கு இன்னொரு வழியும் உண்டு. கிருமியின் மேற்சவ்வில் விர்-ஏ என்னும் உணரியும், உள்ளே விர்-ஜி என்னும் செயலியும் இணையாய் உள்ளன. உடலின் உயிரணுவுக்குள் கிருமி இருக்கும்போது இவ்விணையே பெரும்பங்கு ஆற்றுகிறது. அது எதனை உணர்கிறது என்பது 2015ஆம் ஆண்டில் தெரிந்தது: நம் உயிரணுக்களின் உட்பகுதியில் மிகுதியாய் உள்ள குளுட்டாத்தயோன் என்னும் பொருளை. நம்மைக் காக்கும் பொருள்களுள் ஒன்று அது. அதனையே வாசற்குறியாய்க் கொண்டு, பையைக் கிழித்து உள்ளே வந்துவிட்டோம் என்று கிருமி அறிந்துகொள்கிறது. முதற்படை தன் பணியை முடித்த இடத்தில் இரண்டாம் படை எழுகிறது.

உணவுக்கும் படைக்கலத்துக்கும் உள்ள உறவு இதனினும் வியப்பூட்டும். தாய்லாந்து மண்ணில் விட்மோர் கிருமியை முற்றும் ஒத்த, ஆனால் மனிதருக்குத் தீங்கு செய்வது மிக அரிதான மற்றொரு கிருமி உண்டு. 1998ஆம் ஆண்டில் அந்நாட்டின் பெயராலேயே அதற்குப் பெயரிட்டனர். அராபினோசு என்னும் தாவரச் சர்க்கரையை அது உண்ணும். கொடிய கிருமியோ உண்ணாது. உண்ணும் மரபணுக்களை அது இழந்திருந்தது. 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அம்மரபணுக்களைக் கொடிய கிருமிக்குள் செலுத்திப் பார்த்தனர். அச்சர்க்கரை உள்ள இடத்தில் ஊசிக்குரிய மரபணுக்கள் அடங்கின. விலங்குகளில் கிருமியின் கொடுமையும் குறைந்தது. சர்க்கரை உண்ணும் வழி ஒன்று, கொல்லும் வழி ஒன்றின்மேல் கைவைக்கிறது. ஒரு திறனை இழந்ததால் ஓர் உயிர் கொடியதாயிற்று என்னும் இச்செய்தி, வளர்ச்சி என்றாலே பெருக்கம் என்று எண்ணுவோரைச் சற்றே நிறுத்தி வைக்கும்.

இவ்வாய்வுகள் இன்னும் மருந்தாகவில்லை. மனிதருக்குரிய தடுப்பூசியும் புழக்கத்துக்கு வரவில்லை. மருத்துவம் வேறு வழியில் முன்னேறியது. 1989ஆம் ஆண்டில் தாய்லாந்தின் உபோன் நகரத்தில் நடந்த சோதனை, செஃப்டாசிடிம் என்னும் மருந்து கொடிய நோயாளரின் இறப்பை ஏறத்தாழப் பாதியாய்க் குறைப்பதை மெய்ப்பித்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சாவித்திரி புதுச்சேரி நெடுங்காலம் இந்நோயை ஆராய்ந்தார். அவரும் பராசக்தி முதலானோரும் 1992ஆம் ஆண்டில், குருதியில் கிருமி பரவிய 50 மலேசிய நோயாளரைப் பற்றி வெளியிட்ட கட்டுரை நம் நாட்டு மருத்துவர்களின் கண்ணைத் திறந்தது. அந்நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2010ஆம் ஆண்டில் பகாங்கின் லுபுக் யூ பொழுதுபோக்குக் காட்டில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடச் சென்ற மீட்புப் பணியாளர்களிடையே இந்நோய் பரவி உயிர்களைக் கொண்டது. உலகெங்கும் ஆண்டுதோறும் 1,65,000 பேர் இதற்கு ஆளாவர் என்றும் அவருள் 89,000 பேர் மாள்வர் என்றும் 2016ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று கூறிற்று. தென்னாசியாவில் இந்நோய் பெரும்பாலும் அறியப்படாமலேயே போகிறது என்பதும் அவ்வாய்வின் கருத்து. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தேடிய மருத்துவர்கள் அதனைக் கண்டுள்ளனர். தேடாத இடங்களில் அது காசநோய் என்று எண்ணப்படுவதுண்டு.

மேற்கண்ட நாடுகளிலெல்லாம் ஒரு செய்தி மாறாமல் வருகிறது. நோய்க்கு ஆளானோருள் மிகப் பலர் இனிப்புநீர் உள்ளவர்கள். குருதியில் சர்க்கரை மிகும்போது கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் தளர்கின்றன. காலில் உணர்ச்சி குன்றுவதால் புண்ணும் அறியப்படாமல் போகிறது. மலேசிய இந்தியரிடையே இனிப்புநீர் மிகுதி என்பது எல்லாரும் அறிந்ததே. தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த பின்னும், வீட்டின் பின்புறத்தில் முருங்கையும் வாழையும் வைத்து, மழைக்குப் பின் வெறுங்காலோடு மண் கிளறும் முதியோரை லாபுவிலும் இரந்தாவிலும் இன்றும் காணலாம். அவர்களுக்குக் காய்ச்சல் நீடித்தால், மண்ணோடு புழங்கியதையும் இனிப்புநீர் உள்ளதையும் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுதல் நன்று. குருதி முதலியவற்றை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பார்த்தாலன்றி இக்கிருமி எளிதில் தன்னைக் காட்டாது. கண்டறிந்த பின் பத்து நாளுக்குக் குறையாமல் ஊசிவழி மருந்தும், அதன்பின் குறைந்தது மூன்று மாதம் மாத்திரையும் தருவர். காய்ச்சல் விட்டதென்று மாத்திரையை இடையில் நிறுத்தியவர்களிடமே நோய் மீண்டும் தலையெடுத்தல் மிகுதி.